ஐந்து கூறு கல்

கமிட்டிக்காரர்களைத் தேடி வந்தீர்கள் என்றால் இன்றைக்கு ஒருவரும் அகப்படமாட்டார்கள், தம்பி. எல்லாரும் கல்யாணத்துக்குப் போயிருக்கிறார்கள். டவுனில் கல்யாணம். காலையிலேயே இரண்டு பஸ் வந்து ஊரை அள்ளிக்கொண்டு போய்விட்டது. டீக்கடைகூடப் பூட்டியிருக்கிறது, பாருங்கள். நாய்கள்தான் கிடக்கின்றன. இப்படி ஏலக் கூடத்துக்குள் வந்து உட்காருங்கள், நிழல் உண்டு. மீன் வாடை கொஞ்சம் இருக்கும். உங்களுக்குப் புதிதா என்ன.

என் பெயர் எஸ்தாக்கி. நான் அதிகம் பேசுகிறவன் இல்லை. கேட்டால் சொல்வேன், அவ்வளவுதான்.

உங்கள் ஊரிலும் கடலுக்குள் கல் போடப்போகிறார்கள், எங்கள் ஊர்க் கல் எப்படி நிற்கிறது என்று பார்த்து வரச் சொல்லி உங்களை அனுப்பியிருக்கிறார்கள் என்கிறீர்கள். நல்ல காரியம். பார்க்காமல் கையெழுத்துப் போடுகிறவர்கள்தான் அதிகம். அதோ, கையை நீட்டின இடத்தில் பாருங்கள். ஒன்று, இரண்டு, மூன்று. அந்தப் பச்சை வள்ளத்துக்கு மேலே நான்கு. ஐந்தாவது இங்கிருந்து தெரியாது, கோயிலைத் தாண்டிப் போகவேண்டும். இது தூண்டில் வளைவு இல்லை. தூண்டில் வளைவு கரையில் தொடங்கிக் கடலுக்குள் நீளும். இது கரையைத் தொடாது. கரைக்கு எதிரே, கடலுக்குள்ளேயே, கரையைப் பார்த்துப் படுத்த மாதிரி கிடக்கும். அலை அதில் மோதி உடைந்து, சோர்ந்துபோய்க் கரைக்கு வரும். கல்லுக்குப் பின்னால் மணல் சேரும். அதுதான் ஏற்பாடு.

ஐந்தும் ஒரே நீளம். எழுபத்திரண்டு மீட்டர். நீங்கள் நீந்திப்போய் அளந்தாலும் ஒரு சாண் கூடக்குறைய வராது. வரவிடவில்லை நான்.

கல்யாணம் யாருக்கு என்று நீங்கள் கேட்கவில்லை. கேட்காவிட்டாலும் சொல்கிறேன். என் தங்கை மகளுக்கு. ஜெனிஷா என்று பெயர். அப்பன் இல்லாத பிள்ளை. அப்பன் இல்லை என்றால் எங்கள் பக்கத்தில் தாய்மாமன்தான் பெண்ணின் கையைப் பிடித்துக் கோயில் வாசலிலிருந்து பீடம்வரை நடத்திக்கொண்டு போய் மாப்பிள்ளையிடம் கொடுக்கவேண்டும். என் தங்கை பிரகாசிக்குக் கூடப்பிறந்தவன் நான் ஒருவன். வேறு மாமன் கிடையாது. பதினோரு மணிக்குப் பூசை. நான் இங்கே உங்களோடு உட்கார்ந்து கடலைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

எனக்கு அழைப்பு இல்லை, தம்பி. ஊரில் மூன்று பேருக்கு மட்டும் அழைப்பு இல்லை. நான், தொபியாஸ், ஜெரோம். கல்லுக்குக் கையெழுத்துப் போட்ட மூன்று பேர்.

கல்லுக்கும் கல்யாணத்துக்கும் என்ன என்று கேட்பீர்கள். அதைத்தான் சொல்லவருகிறேன்.

நான் எட்டாவது வரை படித்தேன். அதற்கப்புறம் கரைமடி வலை இழுக்கப் போனேன். உங்கள் ஊரில் எப்படியோ தெரியாது, இங்கே மடியை இழுத்துக் கரையேற்றினதும் இழுத்த ஆட்களுக்கெல்லாம் மீனைச் சமமாகக் கூறு வைக்கவேண்டும். கூறு வைக்கிறவன் நான். ஒரு கூறில் பெரிய மீன் விழுந்தால் அடுத்த கூறில் அதற்கு ஈடாக நாலு சின்னது போடுவேன். தராசு கிடையாது. கை சொல்லும். வைத்து முடித்ததும் ஒருவன் கூறுகளுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நிற்பான். இது யாருக்கு என்று நான் கேட்பேன். அவன் திரும்பிப் பார்க்காமல் ஒரு பெயர் சொல்வான். எந்தக் கூறு யாருக்குப் போகும் என்று வைக்கிற எனக்கும் தெரியாது, பெயர் சொல்கிற அவனுக்கும் தெரியாது. அப்படி இருந்தால்தான் சண்டை வராது. கடைசியில் பிரிக்க முடியாமல் ஒரு கைப்பிடி மிஞ்சும். நாலைந்து சாளை, ஒரு நண்டு. அதை ஊரில் கைம்பெண் யாருக்காவது போட்டுவிடுவோம். அது பழைய வழக்கம்.

நான் வைத்த கூறை ஒருவன் குறை சொன்னது கிடையாது. என் சொந்த மச்சான் தனிஸ்லாஸ், பிரகாசியின் புருஷன், அவனும் என்கூடத்தான் மடி இழுத்தான். ஒருநாள்கூட அவனுக்கு ஒரு சாளை கூடுதலாகப் போட்டதில்லை. நெஞ்சுவலியில் அவன் சாகிற நாள்வரைக்கும் போட்டதில்லை. ஊருக்கே தெரியும்.

சரி. கடல் ஏறத் தொடங்கியது கிழக்கே. எங்கள் ஊரில் ஐந்து அன்பியம். உங்கள் ஊரிலும் அப்படித்தானே, நாற்பது ஐம்பது குடும்பம் சேர்ந்தால் ஒரு அன்பியம். மேற்கிலிருந்து எண்ணினால் சவேரியார், ராயப்பர், அந்தோணியார், சூசையப்பர், சகாய மாதா. ஐந்துக்கும் கரை ஏறக்குறைய ஒரே அளவு. கிழக்கே கடைசி இரண்டிலும் ஆனி ஆடி வந்துவிட்டால் அலை அடுக்களைக்குள் நுழைந்து பாத்திரம் கழுவிவைத்துவிட்டுப் போகும். மேற்கே மூன்றிலும் அடியில் பாறை. அங்கே அவ்வளவு ஏறாது. ஏறாது என்றால் எப்போதும் ஏறாது என்று யார் சொல்ல முடியும்?

மனுக் கொடுத்தோம், ரோட்டில் உட்கார்ந்தோம், மறுபடியும் மனுக் கொடுத்தோம். கடைசியில் முந்நூற்று அறுபது மீட்டர் கல்லுக்கு அனுமதி வந்தது. அளக்க வந்தது ஒரு பொறியாளர் அம்மா. மங்கையர்க்கரசி என்று பெயர். தஞ்சாவூர்ப் பக்கம், வயல்காட்டுப் பிள்ளை. செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு ஈரமணலில் நடையாய் நடந்தார்கள். வள்ளத்தில் போய் ஆழம் பார்த்தார்கள், வாந்தி எடுத்தார்கள், மறுநாளும் போனார்கள். நான் குறை சொல்லவில்லை. உழைக்கிற பிள்ளைதான்.

ஆனால் போட்டுக்கொண்டு வந்த திட்டத்தைப் பார்க்கவேண்டுமே. கல் மூன்று துண்டு. ஒவ்வொன்றும் நூற்று இருபது மீட்டர். நடுநடுவே சின்ன இடைவெளி. மூன்று துண்டும் கிழக்கே. சூசையப்பருக்கும் சகாய மாதாவுக்கும் மட்டும். மற்ற மூன்று அன்பியத்துக்கு ஒரு கல் கிடையாது. ஒரு ஜல்லி கிடையாது.

நீங்களே சொல்லுங்கள். ஒரே ஊர், ஒரே கோயில். வெயிலில் ரோட்டில் உட்கார ஐந்து அன்பியமும் வேண்டியிருந்தது. பங்கு என்று வரும்போது இரண்டுக்குத்தானா?

கோயில் கூடத்தில் கூட்டம் போட்டார்கள். அந்த அம்மா விளக்கிச் சொன்னார்கள். கல் துண்டுகள் கிட்டக்கிட்ட இருந்தால்தான் பின்னால் மணல் நிற்கும், தள்ளித்தள்ளிப் போட்டால் இடைவெளி வழியாகக் கடல் முன்னைவிட வேகமாக உள்ளே வரும் என்றார்கள். கையைத் தூக்கி விரல்களைச் சேர்த்துக் காட்டினார்கள். இப்படி இருந்தால் தண்ணீர் நிற்கும் என்றார்கள். பிறகு விரல்களை விரித்துக் காட்டினார்கள். பின் வரிசையிலிருந்து ஒருத்தி, "அம்மா நமக்குக் கை கழுவச் சொல்லித் தருதாவ, நல்லாப் பாத்துக்கிடுங்க பிள்ளையளா," என்றாள். கூடம் முழுக்கச் சிரிப்பு. சவேரியார் அன்பியத்துப் பெண்கள் எழுந்து, எங்கள் வீட்டை மட்டும் கடல் தொடாது என்று எழுதித் தருவீர்களா என்று கேட்டார்கள். அந்த அம்மாவால் எழுதித்தர முடியவில்லை. முடியாதே. அப்படியானால் என்ன நியாயத்தில் அவர்கள் பங்கை எடுத்துக் கிழக்கே கொடுக்கிறீர்கள்?

நான் கூட்டத்தில் பேசுகிறவன் இல்லை. கடைசி வரிசையில் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றேன். ஆனால் கல் லாரி வந்த அன்று மேற்கு அன்பியத்துப் பெண்கள் ரோட்டில் படுத்துவிட்டார்கள். கிழக்கு அன்பியத்து ஆண்கள் கம்போடு வந்துவிட்டார்கள். ஒரே கோயிலில் நன்மை அப்பம் வாங்குகிறவர்கள் ஒருவரை ஒருவர் மண்டையை உடைக்கப் போகிறார்கள். பங்குச்சாமியார் நடுவில் நின்று கையைப் பிசைகிறார். அப்போதுதான் யாரோ சொன்னார்கள், எஸ்தாக்கி அண்ணனைக் கூறு வைக்கச் சொல்லுங்கள் என்று. சும்மா ஒரு பேச்சுக்குச் சொன்னது. ஆனால் எல்லாரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள்.

வைத்தேன். மீனைக் கூறு வைக்கிற மாதிரி கல்லைக் கூறு வைத்தேன். முந்நூற்று அறுபது மீட்டர். ஐந்து அன்பியம். ஆளுக்கு எழுபத்திரண்டு. ஒவ்வொரு அன்பியத்துக்கும் நட்டநடுவே ஒரு கல். கம்பு கீழே இறங்கியது. ரோட்டில் படுத்தவர்கள் எழுந்தார்கள். பெண்கள் அழுதார்கள், தம்பி. பங்குச்சாமியார் என் கையைப் பிடித்துக்கொண்டார். ஊரில் அன்றைக்கு ரத்தம் விழாமல் இருந்தது என்றால் அது யாரால்? இதை இப்போது ஒருவனும் சொல்லமாட்டான்.

அந்த அம்மா மட்டும் தனியாக என்னிடம் வந்தார்கள். ஊர் உங்கள் பேச்சைத்தான் கேட்கிறது, நீங்கள் ஒரு வார்த்தை சொன்னால் பழைய திட்டப்படியே விடுவார்கள் என்றார்கள். நான் ஐந்து அன்பியத்தையும் பற்றிச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "ஐயா, கல்லை அலைக்குத்தான் போடறோம், ஆளுக்கு இல்ல," என்றார்கள்.

வயல்காட்டுப் பிள்ளை. ஆளில்லாத கடற்கரைக்கு அது சரி. இங்கே ஆள் இருக்கிறதே.

மேலே எழுதினார்கள், கீழே எழுதினார்கள். தேர்தல் வந்துகொண்டிருந்தது. ஊர் கேட்டபடி போடுகிறோம், பின்னால் எங்களைக் கேட்கக்கூடாது என்று எழுதிவாங்கிக்கொண்டார்கள். கமிட்டி சார்பில் மூன்று பேர் கையெழுத்துப் போட்டோம். தொபியாஸும் ஜெரோமும் தயங்கினார்கள். நான் முதலில் போட்டேன்.

இப்போது பிரகாசி விஷயத்துக்கு வருகிறேன்.

அவள் வீடு சூசையப்பரும் சகாய மாதாவும் சேருகிற இடத்தில். சந்தின் இந்தப் பக்கம் ஒரு அன்பியம், அந்தப் பக்கம் இன்னொன்று. தனிஸ்லாஸ் கட்டின வீடு. அவன் இருக்கும்போது மேலே பூசவில்லை. அவன் போன பிறகு இவள் முந்திரி ஆலையில் பருப்பு உடைத்து, கை விரலெல்லாம் கறுத்துப்போய், அந்த வீட்டைப் பூசி வெள்ளையடித்தாள். அன்பியத்துக்கு நடுவே கல் என்றால் இரண்டு கல்லுக்கும் நடுவே இடைவெளி. இடைவெளிக்கு நேரே பிரகாசியின் வீடு.

கரையில் கயிறு பிடித்து அளந்து கொடி நட்டுக்கொண்டிருக்கிறேன். அந்தக் கொடிக்கு நேராகத்தான் கடலில் மிதவை போடுவார்கள். ஆலையிலிருந்து அப்படியே வந்து நின்றாள். ஆட்கள் இருந்ததால் மெதுவாகத்தான் பேசினாள்.

"அண்ணே, ஒரு வள்ளத்து நீளம் இப்படித் தள்ளி நடு. ஆருக்கும் ஒண்ணும் கொறஞ்சுராது."

ஒரு வள்ளத்து நீளம். கேட்க என்னவோ சின்னதுதான். அவளுக்குத் தள்ளினால் அந்தப் பக்கத்து ஓரத்தில் இருக்கிறவன் தன் பக்கம் தள்ளச் சொல்லமாட்டானா? சொந்தத் தங்கைக்காகக் கொடியை நகர்த்தினான் என்று ஊர் பேசாதா? இதையெல்லாம் நிதானமாக எடுத்துச் சொன்னேன். கேட்டுக்கொண்டே நின்றாள். பிறகு ஒன்று சொன்னாள்.

"கூறு வைக்கம்போ மிஞ்சுத மீனைக் கைம்பெண்ணுக்குத்தானே போடுவ. எனக்கு ஒரு கல்லு மிஞ்சாதா?"

நான் சொன்னேன், மிஞ்சாது பிள்ளே, முந்நூற்று அறுபதை ஐந்தால் வகுத்தால் மிச்சம் வராது என்று. உண்மையைத்தானே சொன்னேன். நீங்களும் வகுத்துப் பாருங்கள். மிச்சம் வருகிறதா?

போய்விட்டாள்.

கல் போட்டு முடித்த வருஷம் ஊர் என்னைத் தலையில் தூக்கிவைக்காத குறைதான். ஒவ்வொரு கல்லுக்குப் பின்னாலும் மணல் ஏறியது. பிறை மாதிரி, ஐந்து பிறை. பிள்ளைகள் பந்து விளையாடினார்கள். போட்டோ எடுத்தார்கள். அதற்கு அடுத்த ஆனியில் இடைவெளிக்கு நேரே கரை குழியத் தொடங்கியது. கல்லுக்குப் பின்னால் சேருகிற மணல் எங்கிருந்து வருகிறது? இடைவெளியிலிருந்துதான் வருகிறது. அலையும் கல்லில் அடிபட்டு, வாசல் திறந்த இடம் பார்த்து ஒன்றாகச் சேர்ந்து வந்தது. முதலில் பிரகாசி வீட்டுத் தென்னை போனது. பிறகு கக்கூஸ். பிறகு அடுக்களைச் சுவர். மத்தியான நேரம், அவள் ஆலையில் இருக்கிறாள், ஜெனிஷா காலேஜில். நாங்கள் போய்க் கட்டிலையும் பீரோவையும் தூக்கி ரோட்டில் வைத்தோம். நானும்தான் தூக்கினேன். தூக்கிமுடித்துக் கொஞ்ச நேரத்தில் கூரையோடு உட்கார்ந்தது வீடு. சத்தம்கூடப் பெரிதாக இல்லை. வயதானவர் உட்காருகிற மாதிரி உட்கார்ந்தது.

அவளுடையது மட்டுமா போனது? இதைத்தான் யாரும் கணக்கில் எடுக்கமாட்டேன் என்கிறார்கள். நான்கு இடைவெளி. ஒவ்வொரு இடைவெளியிலும் மூன்று வீடு. மேற்கே பாறைக்குமேல் இருந்த வீடுகூடப் போனது. மூன்று, மூன்று, மூன்று, மூன்று. நான் நடந்து எண்ணிப் பார்த்தேன். நட்டத்திலும் ஒருவருக்குக் கூட, ஒருவருக்குக் குறைய என்று இல்லை. ஒரு பக்கத்துக்கு மட்டும் அநியாயம் நடந்தது என்று எவனாவது சொல்ல முடியுமா? பங்குச்சாமியாரிடம் இதைச் சொன்னேன். அவர் என்னைப் பார்த்த பார்வை சரியில்லை. அவரும் படித்தவர்தானே.

அந்த அம்மாவும் வந்து பார்த்தார்கள். அப்போது வேறு ஊருக்கு மாற்றலாகியிருந்தார்கள், லீவு போட்டு வந்ததாகச் சொன்னார்கள். பிரகாசி வீடு இருந்த இடத்தில் கொஞ்ச நேரம் நின்றார்கள். நான் சொன்னேனே என்று என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லியிருந்தால் நான் பதில் சொல்லியிருப்பேன். பதில் தயாராகத்தான் வைத்திருந்தேன். என்னைப் பார்த்து வணக்கம் சொல்லிவிட்டுப் போய்விட்டார்கள். அது எனக்கு ரொம்ப வலித்தது.

ஊர் என்ன சொன்னது தெரியுமா? என் வீடு அந்தோணியார் அன்பியத்தில். அந்தோணியாருக்கு நட்டநடுவே. என் வீட்டுக்கு நேரே கல். என் வாசலில் மணல் ஏறி, படி இரண்டு மூடிப்போய்விட்டது. எஸ்தாக்கி தன் வீட்டுக்கு நேரே கல்லை வாங்கிக்கொண்டான் என்று சொன்னார்கள். தம்பி, அது என் அப்பா கட்டின வீடு. அன்பியத்தின் நடுவில் வீடு இருந்தது என் குற்றமா? தங்கைக்குக் கொடியை நகர்த்தினால் ஊர் பேசும் என்று நகர்த்தாமல் இருந்தேன். நகர்த்தாமல் இருந்தும் பேசினார்கள். இதற்கு என்ன செய்ய?

பிரகாசியையும் பிள்ளையையும் என் வீட்டுக்கு வரச்சொன்னேன். மூன்று அறை இருக்கிறது, நானும் என் மனைவியும்தான். வரவில்லை. டவுனில் வாடகை வீடு பார்த்துப் போனாள். பிறகு என் மனைவி இறந்த அன்று வந்தாள். பெட்டிக்குப் பக்கத்தில் இருந்து அழுதாள். என்னிடம் பேசவில்லை. அடக்கம் முடிந்து பஸ் ஏறிவிட்டாள். நான்கு வருஷமாகிறது அவள் குரலைக் கேட்டு. நான் என்ன அவள் வீட்டையா பிடித்து விற்றேன்? ஊருக்கு நியாயமாக நடந்தேன், அவ்வளவுதான். நியாயமாக நடந்தவனுக்குக் கூடப்பிறந்தவள் கொடுக்கிற கூலி இது.

என்ன கேட்டீர்கள்? மூன்று துண்டும் சேர்த்துக் கிழக்கே போட்டிருந்தால் பிரகாசி வீடு நின்றிருக்குமா?

நின்றிருக்கும்.

பன்னிரண்டு வீடும் நின்றிருக்கும். அதை நான் மறுக்கவில்லையே. ஆனால் நீங்கள் கேட்கிற கேள்வியே பிசகு. வீடு நிற்பது ஒரு காரியம், பங்கு சரியாக இருப்பது ஒரு காரியம். பங்கு பிசகினால் ஊர் நிற்காது. உங்கள் ஊரில் போய்ச் சொல்லுங்கள். பொறியாளர் படம் போட்டுக் காட்டினால் மயங்காதீர்கள். எத்தனை அன்பியமோ அத்தனை கூறு. அளக்க ஆள் வேண்டும் என்றால் நான் வருகிறேன். பஸ்சுக்குக்கூட எதுவும் தரவேண்டாம். கயிறு நான் கொண்டுவருகிறேன்.

இருங்கள், ஏதோ ஆட்டோ வருகிறது. நம் கில்பர்ட். கல்யாணத்துக்குப் போனவன், இங்கே என்ன செய்கிறான்?

"என்னடே, பாதியில திரும்பி வார?"

"மாமா, சட்டைய மாத்திட்டு ஏறுங்க. பிரகாசி மாமி அனுப்பி விட்டாவ. பிள்ளையக் கோயில் வாசல்ல நிறுத்தி வச்சிருக்காவ. நீங்க வந்து கையப் பிடிச்சாத்தான் உள்ள போவோம்னு சாமியார்ட்டச் சொல்லியாச்சு."

"தொபியாஸுக்கும் ஜெரோமுக்கும் சொல்லி விட்டாளா?"

"அவிய பேச்சே இல்ல மாமா. உங்களத்தான். ஏறுங்க, பூசைக்கு நேரமாச்சு."

"எனக்கு மட்டும்னா எப்படிடே? மூணு பேரையும் சேத்துத்தானே ஒதுக்குனா. விளிச்சா மூணு பேரையும் விளிக்கணும்."

"அய்யோ மாமா, இருங்க, நீங்களே பேசுங்க. மாமிதான். ஸ்பீக்கர்ல போட்டிருக்கேன்."

"அண்ணே."

"ம்."

"ஏறி வா. பிள்ளை வாசல்ல நிக்கா."

"தொபியாஸுக்கும் ஜெரோமுக்கும் ஒரு வார்த்தை சொல்லு, பிரகாசி. மூணு பேருமா வாரோம்."

"அவனுவ எனக்கு ஆரு? நீ எனக்க அண்ணன்."

"மூணு பேருந்தான் கையெழுத்துப் போட்டோம். ஒருத்தன மட்டும் விளிச்சா நாளைக்கு ஊரு என்ன சொல்லும்?"

"நான் அண்ணனத்தான் விளிச்சேன். கூறு வைக்குதவன விளிக்கல்ல."

வைத்துவிட்டாள். கேட்டீர்களா, தம்பி? அன்றைக்குக் கடற்கரையில் பேசின அதே பேச்சு. அண்ணன், அண்ணன். மாறவே இல்லை அவள்.

தொபியாஸ் ஏன் வருகிறான்? ஆட்டோ சத்தம் கேட்டு வருகிறான்போல. வரட்டும், அவனும் கேட்கட்டும்.

"என்னடே கில்பர்ட், இவன் ஏறமாட்டேங்கானா?"

"ஒங்க ரெண்டு பேரையும் விளிக்கல்லன்னு நிக்காவ, தொபியாஸ் மாமா."

"எங்கள என்னத்துக்குடே விளிக்கணும்? எஸ்தாக்கி, அவ ஒனக்க தங்கச்சி. பிள்ளை ஒனக்க மருமவ. எனக்கு அங்க என்ன சோலி? ஏறு. எனக்கு ஒரு வருத்தமும் இல்ல."

"ஒனக்கு வருத்தமில்ல. ஜெரோமுக்கு?"

"அவன் ஒறங்குதான். வேணும்னா எழுப்பிக் கேக்கட்டா?"

"எழுப்பாண்டாம். வருத்தம் உண்டா இல்லையாங்குதது இல்ல காரியம்."

"பின்ன என்னதான்டே காரியம்?"

அவனுக்குச் சொல்லி விளங்கவைக்க முடியாது, தம்பி. நல்லவன்தான், யோசனை பத்தாது. போகட்டும். கில்பர்ட், நீ போ. பிள்ளையை வெயிலில் நிறுத்தவேண்டாம் என்று சொல். நான் வாழ்த்தினதாகச் சொல். வேண்டாம், அதைச் சொல்லவேண்டாம். போ.

போய்விட்டான். காலி ஆட்டோ என்ன வேகமாகப் போகிறது, பாருங்கள்.

எதற்கு எழுந்துவிட்டீர்கள்? உங்கள் பைக்கில் ஏறச் சொல்கிறீர்களா? கொண்டுபோய் விடுகிறேன் என்கிறீர்கள். நல்ல மனசு உங்களுக்கு. வேண்டாம். பைக்கில் எத்தனை பேர் ஏறலாம்? ஒருவர். அதேதான், பார்த்தீர்களா.

உட்காரமாட்டீர்களா? கல்லைப் பார்த்தாயிற்றா? சரி, போகவேண்டியவர்தான். டவுன் வழியாகத்தானே போவீர்கள். பஸ் ஸ்டாண்டைத் தாண்டினதும் வலது கைப்பக்கம் கோயில், இரண்டு கோபுரம், தப்பாது. பூசை தொடங்கியிருக்காது. வாசலுக்கு நேரே வண்டியைக் கொஞ்சம் மெதுவாக்கிப் பாருங்கள். பிள்ளை உயரமாக இருப்பாள், அவள் அப்பனைப் போல. அவள் கையைப் பிடித்து நடத்திக்கொண்டு போவது யார் என்று மட்டும் பாருங்கள். யாரென்று உங்களுக்குத் தெரியாது. ஆள் எப்படி, வயசு என்ன, என்ன சட்டை, அவ்வளவு சொன்னால் போதும், நான் கண்டுபிடித்துவிடுவேன். என் நம்பரைப் போனில் ஏற்றிக்கொள்ளுங்கள். ஏற்றிவிட்டீர்களா? திரும்பச் சொல்லுங்கள். சரி.

யாரும் பிடிக்காமல் பிள்ளை தனியாக நடந்து போனால், அதைச் சொல்லக் கூப்பிடவேண்டாம்.